இரண்டு பயணங்களுக்கு நடுவே

மனோர் பார்க்கிலிருந்து பேசுகிறேன். விண்கலத்தைப் பற்றி ஒரு நர்ஸ் என்ன பேசப்போகிறாள் என்று சிலர் யோசிக்கலாம். நான் பேச வந்தது பறப்பதைப் பற்றி அல்ல, பறந்து வந்ததை மறுபடியும் பறக்கத் தயார்செய்வதைப் பற்றி.

அறுவை அரங்கில் பயன்பட்ட கத்தரியையும் இடுக்கியையும் கழுவி, கூர் மழுங்கியிருக்கிறதா, பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்து, பொதிந்து, 134 டிகிரி நீராவியில் குறைந்தது 3 நிமிடம் வைத்த பிறகுதான் அடுத்த நோயாளிக்குத் தருவோம். நோயாளி இதைப் பார்ப்பதில்லை. விண்வெளி வரலாற்றிலும் இந்தப் பக்கத்தைப் பலர் புரட்டுவதில்லை.

அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் இரண்டே வாரத்தில் மறுபடியும் கிளம்பும் என்றுதான் முதலில் கணக்குப் போட்டார்கள். 1985 அக்டோபர் 7 அன்று தரையிறங்கிய அட்லாண்டிஸ் திரும்ப ஏறியது நவம்பர் 26 அன்று. 50 நாட்கள்! அதைவிட விரைவாக எந்த ஷட்டிலும் கிளம்பியதில்லை. உடம்பு முழுக்க வெப்பம் தாங்கும் ஓடுகள், 20,000க்கும் மேல். மழைக்கு முன் ஓடு மாற்றுகிற நம் ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே ஓர் ஓட்டைப் போல இன்னொன்று இருக்காது.

2003இல் கொலம்பியா தன் 28ஆவது பயணத்தில் இருந்தது. ஏறும்போதே எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையைத் தாக்கியிருந்தது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடம் அதற்கு ஏற்பாடு செய்யவில்லை. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லாவோடு 7 பேர் போனார்கள். பார்க்கக் கேட்டவரை நிறுத்திவைப்பது எத்தகைய ஆபத்து என்பது அரங்கில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவின் கதை வேறு மாதிரி. 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி. சி7 ஏற்றிச்சென்ற 550 கிலோ மீட்புக்கலம், 12 நாள் சுற்றிவிட்டு வெப்பத்தைத் தாங்கி வங்கக்கடலில் விழுந்தது. மீட்டார்கள், ஆனால் அது மறுபடி பறக்கவில்லை. 2016இல் 65 கிலோமீட்டர் உயரம் போன சிறகுக்கலம் கடலோடு சரி.

அடுத்து வந்தது புஷ்பக். கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் 2023 ஏப்ரல் 2 அன்று சினூக் ஹெலிகாப்டர் நாலரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட, தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. அதே உடலின் சட்டத்தையும் சக்கரத் தாங்கிகளையும் வலுவாக்கி 2024 மார்ச் 22 அன்று மறுபடி இறக்கினார்கள். மூன்று மாதம் கழித்து, ஜூன் 23 அன்று, மாற்றம் எதுவும் செய்யாமல் அதே கலம் இன்னொரு முறை! செய்திகள் 320 கிலோமீட்டர் வேகத்தைத் தலைப்பாக்கின. எனக்கோ, 'மாற்றம் எதுவும் செய்யாமல்' என்பதுதான் தலைப்பு.

ஆனாலும் புஷ்பக் விண்ணிலிருந்து வந்ததல்ல. விண்ணிலிருந்து வந்தது மறுபடி பறக்கவில்லை. மறுபடி பறந்தது விண்ணுக்குப் போகவில்லை. இரண்டையும் ஒரே உடல் செய்யவேண்டும். சுற்றுப்பாதைக்குப் போய்த் திரும்பும் சிறகுக்கலத்தை இஸ்ரோ திட்டமிட்டிருக்கிறது. அது சூடாக வந்து நின்றதும், ஓடுகளைத் தட்டிப் பார்க்க ஆட்கள் நெருங்குவார்களே, நான் காத்திருப்பது அந்தக் காட்சிக்குத்தான்.

கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. கேளுங்கள்.