பொதுப்பணிச் செலவும் வேலைவாய்ப்பும்: படப்பை–ஒரகடம் பிரதேசம்

காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின்மேல் அமைந்த படப்பையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும், ஏரிப்பாசனத்தை நம்பி நெல் விளைத்த நிலை மாறி இயந்திரத் தொழிலின் வாசலாக ஆன வரலாறு, சர்க்கார் சாலைக்கும் மின்சாரத்துக்கும் செய்யும் செலவு வேலைவாய்ப்பாக விளையும் விதத்துக்குத் தமிழ்நாட்டில் சிறந்த திருஷ்டாந்தமாகும்.

வேலை கொடுப்பதற்கென்றே பொதுப்பணி செய்யும் வழக்கம் இங்குப் புதிதன்று. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877–78இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, பசித்தவர்க்குக் கூலி தரும் நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. ஒருவர் பெற்ற கூலி கடைத்தெருவில் செலவாகி மற்றொருவருக்கு வேலையாகிறது என்னும் பெருக்கத் தத்துவத்தை, பொருளாதார அறிஞர்களான ரிச்சர்ட் கான் 1931இலும், கெயின்ஸ் 1936இலும் சாஸ்திர முறையில் விளக்கினர்.

படப்பைப் பிரதேசத்திலோ, சாலை போட்ட நாளின் கூலியைவிட, போட்டு முடித்த சாலையை நாடி வந்த தொழில்களே பெரும் பயன் விளைத்தன. 1971இல் ஸ்தாபிக்கப்பட்ட, மாநில சர்க்காரின் சிப்காட் நிறுவனம் நிலத்தைக் கையகப்படுத்தி, தண்ணீரும் மின்சாரமும் உள்வழிகளும் அமைத்துத் தொழில்மனைகளாக ஒதுக்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. திருச்சி நெடுஞ்சாலையையும் பெங்களூர் நெடுஞ்சாலையையும் இணைக்கும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர்ச் சாலை, வாலாஜாபாத் சாலையைச் சந்திக்கும் ஒரகடத்தில், 2010இல் ரெனோ–நிசானும், 2012இல் டெய்ம்லரும், 2013இல் ராயல் என்ஃபீல்டும் ஆலை திறந்தன. ஒரகடத்தில் சந்திக்கும் இவ்விரு சாலைகளும் அகலப்படுத்தப்பட்டன.

ஷிஃப்ட் மாறும் வேளையில் படப்பைக் கடைத்தெருவில் நிற்பவர், கழுத்தில் அடையாள அட்டையோடு வரிசையாகக் கம்பெனி பஸ் ஏறும் இளைஞரையும், அவர்களை நம்பிப் பிழைக்கும் டிபன் கடைகளையும், வாடகை அறைகளையும் ஒருசேரக் காணலாம். கான் சொன்ன பெருக்கம் இதுவே. எனினும் இவ்வேலைகளுள் கணிசமானவை காண்டிராக்ட் வேலைகள் என்பதும், நிலம் கொடுத்த குடும்பத்தார் அனைவருக்கும் ஆலைக்குள் இடம் கிடைக்கவில்லை என்பதும் இவ்வரலாற்றின் குறைகளாகும்.

தொழில்கள் வரும், போகும். போட்ட அஸ்திவாரம் நிற்கும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் ஜீவனம் இழந்தனர். அதே ஆலையைப் பின்னர் சால்காம்ப் கம்பெனி ஏற்று மீண்டும் இயக்கியதில் அந்த அஸ்திவாரத்துக்கும் பங்குண்டு.

தொழிலாளர் தங்குமிடமோ தாமதமாகவே வந்தது. வெளியூர்களிலிருந்து வரும் பெண் தொழிலாளருக்கென இப்பிரதேசத்து வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பேர் வசிக்கத்தக்க விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சாலையோடு சேர்த்தே எழுப்பியிருக்க வேண்டிய கட்டடம் அது.