மாலை விழாத சிலைகள்

பி.காம் படிக்கிறவனுக்குச் சிலையில் என்னடா வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் சிலைக்கு வந்ததே ரிசர்வ் வங்கி வழியாகத்தான்! வங்கியியல் பாடத்துக்காக எதையோ தேடியபோது, புதுடில்லி ரிசர்வ் வங்கி வாசலில் இரண்டு பெரிய கற்சிலைகள் நிற்பது தெரிந்தது. ஒரு பக்கம் பணப்பையோடு யட்சன், மறுபக்கம் யட்சி. யட்சன் தொழிலுக்கு, யட்சி வேளாண்மைக்கு. செய்தவர் ராம்கிங்கர் பைஜ். யார் இவர் என்று தேடிப்போனேன். தேடல் சாந்திநிகேதனில் போய் நின்றது.

ராம்கிங்கர் 1906ல் வங்காளத்தின் பாங்குராவில், முடிதிருத்தும் தொழில் செய்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1925ல் சாந்திநிகேதனின் கலா பவனத்தில் மாணவராகச் சேர்ந்தார். தாகூர் 1919ல் தொடங்கிய கலைப்பள்ளி அது. நந்தலால் போஸ்தான் குரு. பிறகு ராம்கிங்கரும் அங்கேயே ஆசிரியரானார்.

1935ல் மரங்களுக்கு நடுவே, மரம் போலவே மெலிந்து நெடிதுயர்ந்த ஒரு பெண் சிலையைச் செய்தார். தலையில் பாயசப் பாத்திரம், பெயர் சுஜாதா. புத்தருக்குப் பாயசம் கொடுத்தாளே, அவள்தான். அதைப் பார்த்த தாகூர், வளாகம் முழுக்க இப்படிச் செய்து நிரப்பு என்றாராம்.

1938ல் வந்தது 'சந்தால் குடும்பம்'. இந்தியாவின் முதல் நவீன பொதுவெளிச் சிற்பம் என்று பலரும் சொல்வது இதைத்தான். வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகும் ஒரு பழங்குடிக் குடும்பம். தோளில் காவடியோடு அப்பா. அதன் கூடையில் ஒரு குழந்தை. பக்கத்தில் தலைச்சுமையோடு அம்மா. கூடவே நடக்கும் நாய்.

வெண்கலம் வாங்கக் காசு ஏது? கம்பியால் கூடு கட்டி, சிமெண்டையும் செம்புறாங்கல் ஜல்லியையும் கலந்து கையால் அப்பி அப்பியே உருவாக்கினார். அதனால் சிலையின் மேல்பரப்பு சொரசொரப்பாக, அந்த ஊர்ச் செம்மண்ணே எழுந்து நடப்பது போல இருக்கும். பீடமும் தாழ்வுதான். அண்ணாந்து பார்க்க வேண்டாம்; பக்கத்தில் போனால் நாமும் அவர்களோடு நடக்கலாம்.

1956ல் 'ஆலைச் சங்கு'. சங்கு ஊதிவிட்டது; இரண்டு பெண்கள் அரிசி ஆலைக்கு ஓடுகிறார்கள், சேலை காற்றில் பறக்கிறது, பின்னால் ஒரு பையன் ஓடி வருகிறான். காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நமக்கு இந்தச் சிலை உடனே புரியும். ஆனால் நமக்குப் போவது அட்டெண்டன்ஸ், அவர்களுக்குப் போவது கூலி.

சிமெண்ட் வெயில் மழையில் தேயும். அதனால் சந்தால் குடும்பத்துக்குப் பிற்காலத்தில் மேலே கூரை போட்டார்கள். திறந்த வெளியில் நடந்தவர்களைக் கூரைக்குள் நிறுத்தியது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் விட்டால் கரைந்துபோகும் என்றால் வேறு வழி?

நம் கல்லூரியிலும் ஒரு சிலை உண்டு. நிறுவனருடையது. உயரமான பீடம், சுற்றிக் கம்பி வேலி, வருடத்துக்கு ஒருநாள் மாலை. அவர் இல்லாவிட்டால் நமக்குக் கல்லூரியே இல்லை, மறுக்கவில்லை. ஆனால் நாம் முதலாண்டு படித்தபோது புது பிளாக் கட்ட வந்த குடும்பங்கள் நினைவிருக்கிறதா? பின்பக்கம் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். மணல் குவியல்மேல் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். கட்டடம் முடிந்ததும் ஒருநாள் கொட்டகையும் இல்லை, அவர்களும் இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் எல்லார் பெயரும் இருக்கிறது, அவர்கள் பெயர் தவிர.

அவர்களைப் போன்ற ஒரு குடும்பத்தைத்தான் ராம்கிங்கர் 1938லேயே ஒரு கல்லூரி வளாகத்தில் நிறுத்தினார், அவர்கள் கையாண்ட அதே சிமெண்டில். 1980ல் அவர் காலமானார். 2023ல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

நான் இன்னும் சாந்திநிகேதன் போனதில்லை, எல்லாம் படத்தில் பார்த்ததுதான். நாளை புது பிளாக்கில் முதல் பீரியட். படியேறும்போது அந்தக் குழந்தை நினைவுக்கு வரும்.