தூணில் நிற்கும் பெண்களுக்குப் பெயர் உண்டா?

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகாதவர்கள் நம் வட்டாரத்தில் குறைவு. கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்றைப் பற்றி எல்லோரும் பேசுவோம். உள்ளே நுழைந்ததும் மண்டபத் தூண்களில் பெரிது பெரிதாய் நிற்கும் சிற்பங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. வீரபத்திரர், காளி, மன்மதன், ரதி என்று வரிசையாக நிற்பவர்களோடு இரண்டு பெண்களும் நிற்கிறார்கள். அவர்களைத் தமிழணங்கு என்று சொல்லுவார்கள். அணங்கு என்பது பெயர் அல்ல, அழகிய பெண் என்பதற்கான பொதுச்சொல். அந்தப் பெண்கள் யார், உண்மையில் யாரையாவது பார்த்துச் செதுக்கினார்களா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அந்தக் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446-ல் கட்டத் தொடங்கினான். அதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று பார்ப்பது எனக்குப் பழைய வழக்கம். வகுப்பில் வரலாறு நடத்திய நாளில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நம் நாடு, வலப்பக்கம் வெளிநாடு என்று ஆண்டுகளை எழுதிப் போடுவேன்.

வலப்பக்கத்தில் 1439 என்று எழுதலாம். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் யான் வான் ஐக் என்ற பெரிய ஓவியர் இருந்தார். அந்த ஆண்டு அவர் தம் மனைவி மார்கரெட்டை வரைந்தார். அந்த அம்மாள் அப்படியொன்றும் பேரழகி இல்லை. தலையில் வெள்ளைத் துணி, இறுக்கிய உதடு, நேரே நம்மைப் பார்க்கும் கண். சட்டத்தில் அவளே பேசுவதுபோல, தன் கணவர் 1439 ஜூன் 17 அன்று இதை முடித்தார் என்றும், அப்போது தனக்கு வயது 33 என்றும் எழுதியிருக்கிறது. ஒரு சாதாரணக் குடும்பத்தலைவியின் முகமும் வயதும் தேதியும் ஒரே பலகையில் நமக்குக் கிடைத்துவிட்டன.

இதைக் கேட்டதும், பார்த்தாயா, அவர்கள் பெண்ணுக்குக் கொடுத்த மதிப்பை என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அந்த நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களில் அதிகம் வரையப்பட்ட பெண் மரியாள், ஏசுவின் தாய். அடுத்து பழைய கிரேக்க, ரோமானியக் கதைகளின் தேவிகள். சிப்பியின்மேல் நிற்கும் வீனஸைப் போட்டிச்செல்லி 1485 வாக்கில் வரைந்தார். இவர்களுக்குப் பின்னால்தான் பணக்கார வீட்டு மனைவிமார் வருகிறார்கள். நம் கோயிலிலும் முதலில் அம்மன், பிறகு ரதி, அதற்கும் பிறகுதான் மானிடப் பெண். வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்.

அந்த மனைவிமார் படம் எப்போது வரையப்பட்டது என்று பார்த்தால் விஷயம் புரியும். பெரும்பாலும் கல்யாணத்தை ஒட்டித்தான். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் வரதட்சணை அவ்வளவு பெரிய சுமையாக இருந்ததால், 1425-ல் நகர அரசே அதற்கு ஒரு சேமிப்பு நிதி தொடங்கியது. பெண் சிறுமியாக இருக்கும்போதே தகப்பன் பணம் போட்டு வைப்பான், கல்யாணத்தின்போது வட்டியோடு கிடைக்கும். நம் தபால் ஆபீஸ் செல்வமகள் திட்டம் நினைவுக்கு வருகிறதா? மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு நகை பூட்டி, பட்டு உடுத்துவார்கள். ஆனால் அதெல்லாம் அவளுக்கே சொந்தம் என்று எண்ணிவிட முடியாது, பிறகு திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. படத்தில் அந்த நகைகள் ஒன்றுவிடாமல் இருக்கும். பெண் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பி, பார்ப்பவர் கண்ணைச் சந்திக்காமல் இருப்பாள்.

கிர்லாந்தாயோ வரைந்த ஜொவான்னா தோர்னாபுவோனி படம் அப்படிப்பட்டது. பொன் இழைத்த ஆடை, மார்பில் பதக்கம், பின்னால் தொங்கும் பவள மாலை, மேலே 1488 என்ற ஆண்டு. அதே 1488-ல் அந்தப் பெண் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். இருபது வயதைத் தாண்டவில்லை. அந்தப் படம் இன்று மாட்ரிட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் என்ன பேசினாள், எதற்குச் சிரித்தாள் என்பது அதில் இல்லை.

இனி நம் பக்கம் வருவோம். முகம் தூணில் இருக்கிறது, பெயர் இல்லை என்றேன். பெயர் எங்கே போயிற்று? கொஞ்சம் கீழே குனிந்து பார்த்தால் சுவரின் அடிப்பகுதியில் இருக்கும். தமிழ்நாட்டுக் கோயில்களின் கல்வெட்டுகளில் பெண்கள் நிறையவே வருகிறார்கள். நந்தா விளக்கு எரிக்க ஆடு விட்டவள், நிலம் கொடுத்தவள், நகை செய்து போட்டவள் என்று பெயரோடு வருகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள் 400 பேர். யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்த வரிசையில் எத்தனையாவது வீடு அவளுடையது என்பதுவரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நானூறு பேரில் ஒருத்தியின் முகத்தையும் நாம் காட்ட முடியாது.

செம்பியன் மாதேவியார் கதை இன்னும் விசேஷம். பத்தாம் நூற்றாண்டில் பல கோயில்களைக் கற்றளியாக்கிய சோழ அரசி. கோனேரிராசபுரம் கோயிலைத் தம் கணவர் கண்டராதித்தர் பெயரில் எடுப்பித்தார். அங்கே சிவலிங்கத்தைக் கும்பிடுகிறவராகச் செதுக்கியிருப்பது கண்டராதித்தரை. செலவு செய்து கட்டிய அம்மையாரைப் பற்றி எழுத்துதான் சொல்கிறது.

ஆக, ஐரோப்பாவில் பெயரும் முகமும் சேர்ந்து கிடைத்தன, ஆனால் வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு மட்டும், அதுவும் இன்னாருடைய மனைவி என்ற முறையில். நம்மிடம் பெயர் ஒரு கல்லிலும் முகம் வேறு கல்லிலும் தங்கிவிட்டன.

உழைக்கிற பெண்ணுக்கு என்ன கிடைத்தது? ஃபுளோரன்ஸில் அதே கிர்லாந்தாயோ ஒரு தேவாலயச் சுவரில் யோவான் பிறந்த காட்சியை வரைந்தார். அதன் ஓரத்தில் தலையில் பழத்தட்டைச் சுமந்துகொண்டு ஒரு வேலைக்காரி விறுவிறுவென்று நடந்து வருகிறாள். சீமாட்டிகள் அசையாமல் நிற்க, படத்தில் உயிரோடு இருப்பவள் அவள்தான் என்று எனக்குத் தோன்றும். பெயர் கிடையாது.

நம் கிருஷ்ணாபுரத்தில், திருச்செந்தூர் சாலையில், வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். தென்காசிக்கு ஒரு நூற்றாண்டு கழித்து மதுரைக் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் எழுந்தது. அங்கே ஒரு குறவன் அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிறான். இன்னொரு தூணில் குறத்தி அரசகுமாரனைத் தூக்கிக்கொண்டு போகிறாள். ராணிகளுக்கு இணையான உயரத்தில், ஓரத்தில் ஒதுங்காமல், ஒரு மலைக்குறத்திக்கு முழுத் தூணையே கொடுத்திருக்கிறார்கள். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியது அதற்கு நெடுங்காலம் கழித்து. ஏட்டில் வந்த குறத்திக்குச் சிங்கி என்று பெயராவது உண்டு. கல்லில் நிற்பவள் வெறும் குறத்திதான்.

இதையெல்லாம் எழுதுவது பழம்பெருமைக்காக அல்ல. முக்கூடலில் எந்தத் தெருவில் நடந்தாலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களின் பாட்டிமாருக்குத் தனிப்படம் என்று ஒன்று இருந்ததா? வசதி இருந்த வீட்டில் கல்யாணத்தன்று ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படம், பிறகு மாலை போட்ட படம். இடையில் ஐம்பது வருஷ வாழ்க்கைக்குப் படம் இல்லை. ஜொவான்னாவுக்கு நேர்ந்ததேதான். நம் ஊர்ச் சாதாரணப் பெண்களில் பெரும்பாலோருக்கு முகமும் பெயரும் வயதும் ஒரே இடத்தில் சேர்ந்தது, சேஷன் காலத்தில் 1993-ல் வந்த வாக்காளர் அட்டையில்தான் என்று நினைக்கிறேன். மார்கரெட்டுக்குச் சட்டத்தில் கிடைத்தது இவர்களுக்கு அந்தச் சின்ன அட்டையில் கிடைத்தது. அதிலும் கணவர் பெயருக்கு ஒரு வரி உண்டு!

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய குடும்பப் படம் ஒன்று இருக்கிறது. நாற்காலியில் ஆண்கள், பின்னால் பெண்கள். ஆண்கள் ஐந்து பேரின் பெயரும் எல்லோருக்கும் தெரியும். பாம்படம் போட்டு ஓரத்தில் நிற்கும் பெண் தாத்தாவின் அத்தை என்கிறார்கள். பெயர் சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். எண்பதைத் தாண்டிய ஆச்சி யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே படத்தை அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். மை பேனா வேண்டாம், படத்துக்குள் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பின்பக்கத்தில் எழுதுங்கள். பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். அம்மா, அத்தை, சித்தி என்று முறையை எழுதி நிறுத்திவிட வேண்டாம், பெயரை எழுதுங்கள், பிறந்த ஊரையும் எழுதுங்கள்.