பொறியியல் மாணவனுக்கு வரலாற்றுப் பாடம் எதற்கு?

பாரிட் புந்தாரிலிருந்து பினாங்கு எல்லையைத் தாண்டினால் டிரான்ஸ்கிரியான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் அங்கேதான் இருக்கிறது. பாலம் கட்டவும் இயந்திரம் செய்யவும் படிக்க வரும் பிள்ளைகள், நாகரிகம், நடப்பு விவகாரம் பற்றிய பொதுப் பாடங்களிலும் தேறினால்தான் பட்டம். இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு.

பதில் அந்த வட்டாரத்து மண்ணிலேயே கிடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெரியான் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் தமிழர் ஏராளம். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை நம்பிய கெரியான் நெல் பாசனத் திட்டம் 1906-இல் நிறைவேறியது. வாய்க்காலை அளக்கப்போகும் பொறியாளருக்கு, அந்த நிலத்தில் யார் வேலை செய்தார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டுமே!

உலகுக்கும் இது புதிதல்ல. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல், அமெரிக்காவின் கொலம்பியா கல்லூரி சமகால நாகரிகப் பாடத்தைத் தன் மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது.

ஆனால், கட்டாயம் என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வியும் கூடவே வருகிறது. பாடத்தை எழுதுவது யார்?

இந்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் 1990-களின் பிற்பகுதியில் இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடம் கட்டாயமானது. அதன்பின் இன உறவுகள் பாடம் வந்தது. 2006 ஜூலையில் அந்தப் பாடமே பெரும் சர்ச்சையானது. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் வழிகாட்டி நூல், 2001 மார்ச்சில் நடந்த கம்போங் மேடான் மோதலுக்கு இந்திய இளைஞர்கள் மீது பழிபோட்டிருந்தது. அந்த மோதலில் மாண்ட ஆறு பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். 1969 மே 13 கலவரத்துக்கு எதிர்க்கட்சியான ஜ.செ.க.வைக் குற்றஞ்சாட்டியதும் அதே நூல்தான். இன ஒற்றுமையை வளர்க்கவேண்டிய பாடம்! உறவினரைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை, தேர்வில் தேற எதை எழுதுவது?

எதிர்ப்பு வலுத்தது. பிரதமர் அப்துல்லா அகமது படாவியின் அமைச்சரவை நூலை மீட்டுக்கொண்டது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் ஒரு குழு புதிய நூலைத் தயாரித்தது. 2007-இல் அது வகுப்புக்கு வந்தது. அப்போதும் பாடத்தையே ஒழித்துவிடவில்லை, நூலைத்தான் மாற்றினார்கள். அது சரியான முடிவு.

2013-இல் நாகரிகப் பாடம் தனியார் உயர்கல்விக்கூடங்களுக்கும் கட்டாயமானபோது மறுபடியும் சச்சரவு. 2019-இல் நாகரிகப் பாடமும் இன உறவுகள் பாடமும் விலகி, நன்னெறி நாகரிக உணர்வு, தத்துவமும் நடப்பு விவகாரங்களும் என்ற இரு பாடங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. டிரான்ஸ்கிரியான் மாணவருக்கும் இவை கட்டாயம்.