28 ரூபாய்த் திரைப்படம்

திரைப்படத்தை விலைகொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது என்பது, நம் நாட்டு மத்தியதரக் குடும்பங்களுக்கு எளிதில் வாய்த்த பாக்கியமன்று. 1993ஆம் ஆண்டில் உருவான வீடியோ சிடி, தட்டொன்றுக்கு 74 நிமிஷப் படத்தையே தாங்கவல்லதாகையால், இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரிந்தே கடைக்கு வந்தது. கதாநாயகன் வில்லனை நோக்கிக் கையை ஓங்கிய தறுவாயில் படம் நின்றுவிட, யாரேனும் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய் அடுத்த தட்டைச் செருகுவது சர்வசாதாரணம். ஒரிஜினல் தட்டின் கிரயம் கையைக் கடித்தமையால், ஜனங்கள் சென்னைப் பர்மா பஜார் முதலிய இடங்களில் கிடைத்த திருட்டு விசிடியையே நாடினார்கள். 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தித் திருட்டு வீடியோக்காரரையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது, வியாபாரம் நின்றபாடில்லை.

வெற்றுத் தட்டுகளைப் பெருவாரியாகச் செய்து பல தேசங்களுக்கும் அனுப்பிவந்த மோசர் பேயர் என்னும் இந்திய ஸ்தாபனம், திருடனை வெல்ல அவன் விலைக்கே இறங்குவதுதான் உபாயம் என்று கண்டு, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என 2007 வாக்கில் விற்கத் தொடங்கியது. மிளகாயும் புளியும் வாங்கப்போன இடத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றையும் சேர்த்து வாங்கி வரும்படியான காலம் அது. அந்த 28 ரூபாயில் அடங்கிய பாத்தியதையை இன்று நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது: இரவல் கொடுக்கலாம், சீதனமாகவும் கொடுக்கலாம், சலித்தால் பழைய சாமான் கடையில் தள்ளிவிடலாம், கேட்பாரில்லை.

இணையத்திலிருந்து படத்தை இறக்கிக்கொள்வது தட்டைவிட மலிவு என்று இளைஞர்கள் சொல்லுவதுண்டு. அந்நாளில் அது முழு உண்மையன்று. களவாக இறக்கிய படங்கள் நெடுங்காலம் 700 எம்.பி. அளவிலேயே சுருக்கப்பட்டன, காரணம், ஒரு வெற்று சிடியின் கொள்ளளவு அதுவே. தட்டை வேண்டாமென்று ஒதுக்கியவர்களும் தட்டின் அளவுகோலைக் கைவிடவில்லை என்பது ஒரு வேடிக்கை. கைப்பேசியில் ஒரு ஜி.பி. தரவுக்கு ஏறத்தாழ 250 ரூபாய் வாங்கிய நாட்களில், அத்தகைய படம் ஒன்றை இறக்கும் வழிச்செலவே 175 ரூபாய் ஆகும். ஓசியில் படம் பார்த்தவன், படத்தின் சொந்தக்காரருக்கு ஒரு காசும் கொடாமல், பல ஒரிஜினல் தட்டுகளின் விலையைக் கைப்பேசிக் கம்பெனிக்குக் கட்டினான்!

2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்தபின் அந்த வழிச்செலவு சரிந்தது. தட்டு வியாபாரம் அதற்கு முன்னரே நலிந்திருந்தது. கடனில் மூழ்கிய மோசர் பேயரைக் கலைத்துவிட 2018இல் உத்தரவாயிற்று. இப்போது இணையத்தில் படம் பார்க்கச் சந்தா கட்டுகிறவன் வாங்குவது பிரதியையன்று, அனுமதியை. உரிமை காலாவதியானால் நேற்றுப் பார்த்த படம் இன்று பட்டியலில் இராது. அந்தப் பழைய தட்டை வைத்திருப்பவனுக்கோ வேறுவகைச் சங்கடம்: படம் அவனுடையதே, கீறல் விழாதிருந்தால் ஓடவும் ஓடும், ஆனால் அதைச் செருகுவதற்கான துவாரம் இப்போது வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.