பூண் போட்டவர் பெயர் என்ன?

இந்த எபிசோட்ல நான் பேசப்போறது ஒரு மடக்குக் கத்தியைப் பற்றி. இன்னும் சரியா சொன்னா, அந்தக் கத்தியில் நாம கவனிக்கவே கவனிக்காத ஒரு சின்ன உலோகத் துண்டைப் பற்றி.

தேங்காய்ப்பட்டணத்தில், குழித்துறை ஆறு கடலோடு சேர்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்க அப்பூப்பன் வீடு. அப்பூப்பன்னா எங்க பக்கத்தில் தாத்தா. அவர்கிட்ட ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அலகில் ‘ஷெஃபீல்ட்’னு பொறிச்சிருக்கும். அவர் இறந்தபிறகு பல வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. போன வருஷம் எடுத்துப் பார்த்தா, பிடியோட முனையில் இருந்த பூண் ஒரு பக்கம் கழன்று கையோட வந்துடுச்சு.

உலக்கை முனையில் பூண் பார்த்திருப்பீங்க. மரம் பிளக்காம அது காப்பாத்தும். மடக்குக் கத்தியில் அந்த வேலை இன்னும் கஷ்டமானது. வெட்டுகத்தியில் அலகோட வால் பிடிக்குள்ள ஆழமா இறங்கியிருக்கும். மடக்குக் கத்தியில் அது முடியாது. அலகு ஒரே ஒரு ஆணியைச் சுற்றித் திரும்பணும். நீங்க கொடுக்கிற அழுத்தம் பெரும்பாலும் அந்த ஆணியில்தான் விழும். சுற்றி வெறும் மரம் இருந்தா ஓட்டை பெரிசாகும், அலகு ஆடும், ஒருநாள் பிடி பிளக்கும். அதனாலதான் அந்த இடத்தில் ரெண்டு பக்கமும் உலோகம்.

19-ஆம் நூற்றாண்டு ஷெஃபீல்டில் இதுக்கு அதிகம் பயன்பட்டது ‘ஜெர்மன் சில்வர்’. பேரில்தான் வெள்ளி, உள்ளே இருக்கிறது செம்பு, நிக்கல், துத்தநாகம். இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. பிடிக்குள்ள இருக்கிற மெல்லிய தகட்டில் பூணைப் பற்றவைப்பாங்க, இல்லைன்னா ரிவெட் அடிப்பாங்க. ரிவெட்னா, ஓட்டை போட்டு, அதோட வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, அதே உலோகத்தில் கம்பி நுழைச்சு, சுத்தியலால் மெதுவா தட்டணும். கம்பியோட தலை விரிஞ்சு அந்த வாயை நிரப்பிடும். அப்புறம் அரம் போட்டு மெருகேத்தினா கம்பி எங்கே இருக்குன்னே தெரியாது.

இதைச் செஞ்சவங்களும் அப்படித்தான், தெரியாமப் போனாங்க. ஷெஃபீல்டில் ‘லிட்டில் மெஸ்டர்’னு சொல்லப்பட்ட சிறு கைவினைஞர்கள் வாடகை அறைகளில் உட்கார்ந்து பெரிய கம்பெனிகளுக்கு வேலை செஞ்சு கொடுத்தாங்க. அலகில் விழுந்தது கம்பெனி முத்திரை. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி 1851 லண்டன் பொருட்காட்சியில் 75 அலகு வச்ச ‘நார்ஃபோக் கத்தி’யைக் காட்டினது வரலாறு. அதுக்குப் பூண் போட்டவர் யாருன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை.

நம்ம நாட்டிலும் மடக்குக் கத்திக்குப் பேர்போன ஒரு ஊர் உண்டு: உத்தரப் பிரதேசத்தில் இருக்கிற ராம்பூர். பழைய இந்திப் பட வில்லன் ‘டக்’குனு திறக்கிற ராம்பூரி கத்தி அங்கே பிறந்ததுதான். சட்டக் கட்டுப்பாடும் மலிவான கத்திகளும் வந்து அந்தத் தொழில் சுருங்கிப்போச்சு. 2023-ல் அந்த ஊர் நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளக் கத்தி ஒன்றை நினைவுச்சின்னமா வச்சாங்க. கத்திக்குச் சிலை வந்துடுச்சு. செஞ்ச கைகளுக்கு?

சரி, என் கதைக்கு வர்றேன். வீடியோ பார்த்து நானே பித்தளைக் கம்பி வச்சு அடிச்சேன். ஒரு அடி தவறி மரத்தில் விழுந்து கீறல். ஒரே வாரத்தில் பூண் மறுபடியும் கழன்றது. பக்கத்து ஊர்ல வயசான கொல்லர் ஒருத்தர்கிட்ட கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “மக்ளே, ஓட்டைக்கு வாய் எடுத்தியா?”ன்னு கேட்டார்.

“இல்ல மாமா.”

“பின்ன கம்பி எதைப் பிடிச்சிட்டு நிக்கும்?”

அரை மணி நேரத்தில் முடிச்சுட்டார். இப்போ பூண் அசையல. எவ்வளவு தேடினாலும் அவர் அடிச்ச கம்பி கண்ணில் படல. அந்தக் கத்தியில் பளிச்சுனு தெரியுற ஒரே கைவேலை என்னோட கீறல்தான்.

உங்க வீட்டுப் பழைய கத்தியை ஒருமுறை எடுத்துப் பாருங்க. முத்திரையைப் படிச்சதும் வச்சுடாதீங்க. பூண் மேல விரலை ஓட்டிப் பாருங்க. எதுவும் தட்டுப்படலைன்னா, அங்கே நல்ல வேலைக்காரர் ஒருத்தர் இருந்திருக்கார்.