கிழக்கு ஜெர்மனியும் பழுப்பு நிலக்கரியும்

1949 முதல் 1990 வரை தனி நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனியில் எண்ணெய் வளம் இல்லை என்றே சொல்லலாம். மண்ணுக்கடியில் ஏராளமாக இருந்தது பழுப்பு நிலக்கரி. அது ஈரமும் கந்தகமும் மிகுந்தது. எரித்தால் தரும் வெப்பமோ குறைவு. 1980களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியம் எண்ணெய் வழங்கலைக் குறைத்தபின் நாடு இந்த நிலக்கரியையே மேலும் நம்ப வேண்டியதாயிற்று. ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டன் வெட்டி எடுத்து, பழுப்பு நிலக்கரியில் உலகின் முதலிடத்தில் இருந்தது.

திறந்தவெளிச் சுரங்கங்களுக்காக ஊர்கள் இடிக்கப்பட்டன. லவுசிட்ஸ் பகுதியில் சோர்பியர் எனும் சிறுபான்மை ஸ்லாவிய மக்கள் பலர் ஊரை இழந்து சிதறியதால் அவர்களின் மொழியும் நலிந்தது.

கந்தக டைஆக்சைடு காற்றை நிறைத்தது. அரசோ 1982இல் சுற்றுச்சூழல் தரவுகளை இரகசியமாக்கியது. எண்களை மறைக்கலாம், சன்னலில் படியும் கரியை எப்படி மறைப்பது?

லைப்சிக் நகருக்குத் தெற்கே எஸ்பென்ஹைன் நிலக்கரி ஆலையின் புகையில் வாழ்ந்தவர்கள் இதற்கொரு வழி கண்டனர். அரசை எதிர்த்துக் கையெழுத்து திரட்டுவது ஆபத்து. எனவே அருகிலுள்ள ரோத்தாவின் தேவாலயக் குழு, 1988இல் ஆலையைச் சீரமைக்க ஆளுக்கு ஒரு மார்க் நன்கொடை கேட்டது. கொடுத்தவர்கள் அதற்கெனக் கையெழுத்திட்டனர். பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். நன்கொடைப் பட்டியல் என்ற பெயரில் அது ஒரு கண்டன மனுதான்!

1990களில் ஆலை மூடப்பட்டது. காற்று தெளிந்தது, வேலையும் போயிற்று. சுரங்கக் குழியில் பின்னர் நீர் நிரப்பப்பட்டு ஸ்டோர்ம்தால் ஏரி உருவானது. சுரங்கத்துக்காக இடிக்கப்பட்ட மாக்டெபோர்ன் ஊரின் நினைவாக, தேவாலய வடிவில் ஒரு மிதவைக் கட்டடம் அந்த ஏரியில் நிற்கிறது.